அந்தோணியாரின் பழைய விலாசம்

மே 9, செவ்வாய்

இன்று காலை பத்தேகால் மணிக்குச் சேர்வராயன் மலையின் வரலாற்றில் ஒரு யுகம் முடிந்தது. என் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டினேன். ஆணி அடித்த சத்தத்தில் மலை அதிர்ந்து, மிளகுக் கொடியெல்லாம் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. கட்டைவிரலில் ஒரு அடி விழுந்தது. அது வரலாற்றில் சேராது.

வீடு என்று சும்மா சொல்லிவிடக் கூடாது. இது எங்கள் சிலுவைமேட்டின் அந்தோணியார் கோவிலாக இருந்த கட்டடம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் போகிற ரோட்டோரம் புதுக்கோவில் கட்டி, பீடத்துக் கல், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் சொரூபம், மணி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார்கள். ஆயர் 'இனி இது கோவில் அல்ல' என்று கையெழுத்துப் போட்டார். காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, வேலை மும்முரத்தில் கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோன கஸ்பார் ராயப்பன் என்ற மாமனிதர் அதை விலைக்கு வாங்கினார். அந்த மாமனிதர் நானே. பீடம் இருந்த இடத்தில் என் கட்டில். பூசை உடுப்பு அறை இப்போது சமையலறை. ஜனங்கள் சாமியாரிடம் பாவத்தைச் சொன்ன பாவசங்கீர்த்தனப் பெட்டி என் துணி அலமாரி: ஒரு பக்கம் அழுக்கு, மறுபக்கம் வெளுத்தது. கூரை முப்பது அடி உயரம். ஒரு தும்மல் போட்டால் மூன்று தும்மலாகத் திரும்பி வரும். ஒண்டியாளுக்கு அதுவே நல்ல பேச்சுத்துணை.

ஏன் விற்கிறேன்? ஈஸ்டருக்கு மறுநாள் ஓடு மாற்ற ஏணியில் ஏறினேன். நான் விழவில்லை. இறங்கினேன், கொஞ்சம் வேகமாக. முழங்கால் பிசகிவிட்டதால் மூன்று மணி நேரம் தரையில் படுத்தபடி கூரையை ஆராய்ச்சி செய்தேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பவுலின், 'அண்ணன் இரண்டாவது டீக்கு வரலையே' என்று வந்து பார்த்து ஊரைக் கூட்டிவிட்டாள். சேலத்தில் பேங்க் மேனேஜராக இருக்கும் என் அக்கா மகள் ஜெசிந்தா அன்றைக்கே ஓடிவந்தாள். அவள் அழுத அழுகையில் மேட்டூர் அணை ஒரு நாளில் நிரம்பியிருக்கும். "வித்துட்டு என்கூட வந்துடுங்க மாமா. நீங்க விழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா?" என்றாள். சரி என்று சொன்னது நான் அல்ல. முழங்கால்.

இன்னொன்று. பக்கவாசல் சுவரில் ஒரு பித்தளைத் துவாரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஜனங்கள் அந்தோணியாருக்கு விண்ணப்பச் சீட்டுப் போட்ட இடம். உள்ளே மரப்பெட்டி. புதுக்கோவிலில் புதுப்பெட்டி வைத்த பிறகும் ஜனங்கள் இங்கேதான் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். இன்று மூன்று சீட்டு. நான் படிப்பதில்லை. பிரிப்பேன், கண் தானாகப் போகும். இந்த இரகசியம் அந்தோணியாரையும் என்னையும் தவிர ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவருக்கும் தெரியாது.

மே 11, வியாழன்

புரோக்கர் தனகோபால் வந்தார். படம் எடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து, சமையலறை வாசற்படியில் இடறினார்.

"சார், இத சர்ச்சுன்னு போடறதா, வில்லான்னு போடறதா?"

"அரண்மனைன்னு போடுங்க."

"பாத்ரூம் ஒண்ணுதான் இருக்கு சார்."

"சின்ன அரண்மனைன்னு போடுங்க."

மே 16, செவ்வாய்

சீட்டு இரண்டு. கண்ணில் பட்டவை கீழ்வருமாறு.

ஒன்று: "அந்தோணியாரே, பஸ் ஸ்டாப் பக்கத்துப் பலாமரக் கிளை மழைக்கு முறிந்து யார் தலையிலாவது விழும். பஞ்சாயத்து ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் வெட்டுவார்களாம். எங்களுக்கு அப்படி எழுத வராது. உமக்கு நல்ல கையெழுத்து."

இன்னொன்று: "புனித அந்தோணியாரே, என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். நேற்று உம் வீட்டு மதிலில் வைத்ததாக ஞாபகம். காலையில் நீர் பல் தேய்க்க வரும்போது பார்க்கவும்."

அந்தோணியார் எங்கே பல் தேய்ப்பார் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்தி முற்றினால் இப்படித்தான் எழுதத் தோன்றும்.

மே 17, புதன்

தற்செயலாக ஆபீஸ் பக்கம் போனேன். தற்செயலாகச் சட்டைப்பையில் ஒரு மனு இருந்தது. திரும்பி வரும்போது தற்செயலாக மதிலில் ஒரு கண்ணாடி. எடுத்துத் துடைத்து பவுலின் கடையில் வைத்தேன். முழங்கால் தற்செயலாக வீங்கிவிட்டது.

சீட்டுகளின் பின்னால் 'முடிந்தது' என்று எழுதித் தகரப்பெட்டியில் போட்டேன். முப்பது வருஷம் ரைட்டர் வேலை பார்த்தவன். வந்த தபாலின் பின்னால் என்ன ஆயிற்று என்று ஒரு குறிப்பு எழுதாவிட்டால் கை அரிக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை.

மே 20, சனி

வீடு பார்க்க நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூடவே கையில் திசைகாட்டியோடு ஒரு வாஸ்து நிபுணர். நான் முழு ஒத்துழைப்புக் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் உண்மையை மட்டுமே சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி இங்க யாருங்க இருந்தாங்க?"

"அந்தோணியார்."

"ஏன் காலி பண்ணிட்டாரு?"

"பஸ் வசதி இல்லைன்னு."

"குடும்பத்தோட போயிட்டாரா?"

"குடும்பம் ஏது? கையில ஒரு குழந்தை மட்டும்தான்."

அந்த அம்மாள் "அடப் பாவமே!" என்றாள். நிபுணர் திசைகாட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். என் ஒற்றைக் கட்டிலைப் பார்த்தார், ஒற்றைத் தட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "இந்த எடத்துல குடும்பம் தங்காதுங்க. ஐயாவைப் பாத்தாலே தெரியுது" என்றார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

மிகுந்த வருத்தமாக இருந்தது. வருத்தம் தாளாமல் பவுலின் கடையில் நான்கு பஜ்ஜி தின்றேன்.

மே 23, செவ்வாய்

ஒரு சீட்டு. அதோடு ஒரு சின்ன பாட்டில்.

"அந்தோணியாரே, உமக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று பார்த்தேன். இத்துடன் தைலம். ராத்திரி படுக்கும்போது சூடாகத் தேய்க்கவும். மறுபடி ஏணியில் ஏறினால் கையை ஒடிப்பேன்."

ஒரு மகா புனிதரை இப்படியா மிரட்டுவது? கையெழுத்து பவுலின் கடைப் பலகையில் 'கடன் இல்லை' என்று இருக்கிற எழுத்துப் போலவே இருந்தது. ஊரில் பலருக்கும் ஒரே மாதிரிக் கையெழுத்து.

புனிதருக்கு மூட்டு கிடையாது என்பதால் தைலம் வீணாகக் கூடாதே என்று நானே தேய்த்துக்கொண்டேன்.

மே 27, சனி

வந்தது வினை. பெயர் கனகசபாபதி. ஊர் ஈரோடு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வெள்ளைச் சிரிப்பு. டூரிஸ்ட்டுகள் தங்க விடுதி கட்டுகிற தொழில்.

இவரை வாங்க விடக் கூடாது என்று, அதாவது இவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று, வீட்டின் குறைகளை விவரமாக எடுத்துச் சொன்னேன்.

"கூரையில பதினெட்டாயிரம் வவ்வால் இருக்கு." உண்மையில் இருப்பது ஒன்று. அதற்கும் வயதாகிவிட்டது.

"அட, வவ்வாலுங்களா! வெளிநாட்டுக்காரன் கேமராவைத் தூக்கிட்டு ஓடி வருவானுங்க."

"மழை பெஞ்சா வீட்டுக்குள்ள ஆறு ஓடும். போன வருஷம் என் கட்டில் மெதந்து வாசல் வரைக்கும் போயிடுச்சு."

"இயற்கையோட ஒட்டின வாழ்க்கைங்க அது!"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "ஒரு பிரெஞ்சுச் சாமியாரோட ஆவி இருக்கு. தெனம் சாயங்காலம் பாடும். குரல் சகிக்காது."

கனகசபாபதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது. "ஏனுங்க மாமா, இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? இந்த மாதிரி எடத்தத்தானுங்க நாலு வருசமாத் தேடறேன்!"

உண்மையில் சாயங்காலம் பாடுவது நான்தான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டுவிட்டார். ஜூன் பதினாலு, புதன்கிழமை, அட்வான்ஸ் கொடுத்து எழுதிக்கொள்வதாகப் பேச்சு.

போகும்போது பக்கவாசல் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்த ஓட்டை எதுக்குங்க? இடிச்சுட்டு ஏ.சி. வெச்சுக்கலாம்."

இந்த மலையிலேயே பெரிய பொய்யன் நான். என் பொய்களே என் வீட்டை விற்றுவிட்டன.

மே 30, செவ்வாய்

சீட்டு இல்லை. நல்லதாயிற்று, வேலை மிச்சம். துவாரத்தில் எறும்பு கிறும்பு அடைத்துக்கொண்டதோ என்று ஆறு தடவை கையை விட்டுப் பார்த்தேன்.

ஜூன் 2, வெள்ளி

பவுலின் டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"சேலத்துல எத்தனாவது மாடி அண்ணே?"

"மூணாவது. லிஃப்ட் உண்டு. கோயமுத்தூர், சென்னை, இலங்கை எல்லாம் ஜன்னல்லேருந்து தெரியும்."

"கதவுல ஓட்டை இருக்குமா?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"செவ்வாக்கெழமை இங்க வர்ற ஜனங்க இனிமே புதுக்கோவில் பெட்டியில போடலாமே?"

"அங்க போட்டா பங்குச்சாமியார் படிச்சுடுவாரே."

"அப்ப இங்க போட்டா?"

பவுலின் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "இங்கதான் யாரும் படிக்கறதில்லையே அண்ணே" என்றாள். டீயில் அன்றைக்குச் சர்க்கரை அதிகம்.

என் இரகசியம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜூன் 6, செவ்வாய்

சீட்டு ஒன்று. உள்ளே இருந்தபடி போட்டால் முறையாகாது என்று கைத்தடியை ஊன்றி வெளியே சுற்றிப் போய், வரிசையில் நின்று (வரிசையில் நான் மட்டும்தான்), நானே போட்டேன். பெட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு சீட்டு விழுந்தால் இவ்வளவு சத்தம் கேட்கும் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாது. உள்ளே இருக்கிறவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்.

என்ன எழுதினேன் என்பது எனக்கும் அந்தோணியாருக்கும் நடுவே. பிறர் தபாலைப் பிரிப்பது பண்பல்ல என்பதால் பெட்டியைத் திறக்கவில்லை.

ஜூன் 10, சனி

மூட்டை கட்ட ஜெசிந்தா வந்துவிட்டாள். வந்த வேகத்தில் என் சொத்துக்களைத் தூக்கிப் போடுவது, எடுத்து வைப்பது என்று இரண்டாகப் பிரித்தாள். நான் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பேசாம ஒக்காருங்க மாமா" என்றாள்.

மத்தியானம் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தாள்.

"இது என்ன?"

"பழைய பேப்பர். எடைக்குப் போடணும்."

"எடைக்குப் போடற பேப்பரையா வருஷவாரியா நாடா கட்டி வெச்சிருக்கீங்க?"

ஒரு கட்டை அவிழ்த்தாள். பாவசங்கீர்த்தனப் பெட்டியின் படியில் உட்கார்ந்து, ஒரு சீட்டைப் படிப்பதும் திருப்பிப் பின்னால் பார்ப்பதுமாக இருந்தாள். 'முடிந்தது.' 'முடிந்தது, மூன்று தடவை அலைந்து.' 'பாதி முடிந்தது, மீதிக்கு மாப்பிள்ளை சம்மதிக்க வேண்டும்.' 'என் கைக்கு எட்டாது, மேலே அனுப்பினேன்.'

திடீரென்று "மாமா!" என்று ஒரு கூப்பாடு. எதிரொலி மூன்று தடவை மாமா என்றது. வவ்வால் இடம் மாறி உட்கார்ந்தது.

அவள் கையில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று. லீவுக்கு வந்திருந்தபோது ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் எழுதியது: "அந்தோணியாரே, கணக்கில் பன்னிரண்டு மார்க். ரேங்க் கார்டில் அம்மா பார்க்காமல் கையெழுத்து வேண்டும்." பின்னால்: 'முடிந்தது. அக்காவின் கையெழுத்து சுலபம்.'

"அது நீங்களா? நான் இத்தனை வருஷமா அந்தோணியார்தான் அம்மா மாதிரியே கையெழுத்துப் போட்டாருன்னு..."

"நீ பேங்க் மேனேஜர். இதெல்லாம் வெளியே சொல்லாதே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்புறம் அடுத்த கட்டை அவிழ்த்தாள். மூட்டை கட்டுகிற வேலை அப்படியே கிடக்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

ஜெசிந்தா பூசைக்குப் போய்விட்டு டீக்கடையில் பவுலினோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

துவாரப் பெட்டியில் போன செவ்வாய் விழுந்த சீட்டைக் காணோம். எலியாக இருக்கும். படித்த எலி.

ஜூன் 13, செவ்வாய். அந்தோணியார் திருநாள்

காலை ஆறு மணிக்குத் 'தட்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு 'தட்'. அதற்குப் பிறகு ஆலங்கட்டி மழைதான். பக்கவாசலில் சிலுவைமேடே வரிசையில் நின்றது. வரிசை சேலம், ஓமலூர் தாண்டி தர்மபுரி வரை போனதாக நம்பத் தகுந்த வட்டாரங்கள் கூறுகின்றன. பெட்டி நிறைந்து சீட்டுகள் தரையில் வழிந்தன. நாற்பத்து மூன்று. இது மிகைப்படுத்தாத எண்ணிக்கை. இரண்டு தடவை எண்ணினேன்.

கண்ணில் பட்டவை:

"அந்தோணியாரே, சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் ஓடு மாற்ற வருகிறோம். நீர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து குறை மட்டும் சொல்லவும்."

"அந்தோணியாரே, என் மகளுக்கு வேலைக்கு மனு எழுதித் தந்தீர். அவள் முதல் சம்பளத்தில் உம் வாசற்படிக்குக் கைப்பிடி போடச் சொல்கிறாள். இரும்பா, பித்தளையா?"

"அந்தோணியாரே, தினமும் காலை ஆறரைக்கு டீ கொண்டுவந்து கதவைத் தட்டுவேன். நீர் உயிரோடு இருக்கிறீரா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்."

அந்தோணியார் இறந்து எண்ணூறு வருஷம் ஆகப்போகிறது. இந்தப் பெண்ணிடம் அதை யார் போய்ச் சொல்வது?

இப்படியே நாற்பத்திரண்டு. கண்ணில் தூசி விழுந்துவிட்டது. முப்பது அடிக் கூரைத் தூசி, ஒரு லாரி இருக்கும். முகம் கழுவிவிட்டு வந்து கடைசிச் சீட்டை எடுத்தேன். பேங்க் தாள், பேங்க் மடிப்பு.

"அந்தோணியாருக்கு ஜெசிந்தா எழுதுவது. நீர் ஒண்டியாக இருக்கிறீர் என்று பயந்துதான் சேலத்துக்குக் கூப்பிட்டேன். பெட்டி முழுவதையும் படித்தேன். என் மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே உம்மைக் கொண்டுவந்து வைத்தால்தான் நீர் ஒண்டி. ஆனால் ஏணி கூடாது. தினம் சாயங்காலம் எனக்குப் போன் பண்ண வேண்டும், பாட்டுப் பாடாமல் பேச வேண்டும். சம்மதமென்றால் நாளைக்கு அந்த ஈரோட்டுக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன்."

அவள் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே வெங்காயத்தை வெகு நேரமாக.

"ஜெசிந்தா," என்றேன், "அந்தோணியார்கிட்ட செல்போன் கிடையாது. அவர் சார்பா நான் பண்ணட்டுமா?"

"தெனமும்?"

"தெனமும்."

"ஏணி?"

"என்ன ஏணி? எந்த ஏணி? ஏணின்னா என்ன?"

கத்தியை வைத்துவிட்டு வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெங்காயம் கடுமையான வெங்காயம். இரண்டு பேருக்கும் கண் எரிந்தது.

ஜூன் 14, புதன்

கனகசபாபதி வந்தார். ஜெசிந்தா நயமாகச் சொன்னாள். மனுஷன் வாடிப்போனார். பாவமாக இருந்தது. ஆவி நான்தான் என்ற உண்மையையும் ஒப்புக்கொண்டு, ஆறுதலுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டினேன். பாதியிலேயே ஆறுதல் அடைந்துவிட்டதாகச் சொன்னார்.

காரில் ஏறப்போனவர் திரும்பி வந்து, பையிலிருந்து ரசீதுத் துண்டு ஒன்றை எடுத்து ஏதோ கிறுக்கித் துவாரத்தில் போட்டார். இன்று செவ்வாய் அல்ல. ஈரோட்டுக்காரருக்கு அது தெரியாது, மன்னிக்கலாம். "அந்தோணியாருங்களே, பக்கத்துல பழைய பங்களா ஏதாச்சும் கெடைக்குமுங்களா? வவ்வால் இருந்தா விசேசமுங்க." மேற்குச் சரிவில் என் பழைய எஸ்டேட்டின் பூட்டிய பங்களா ஒன்று இருக்கிறது. வவ்வால் நிஜமாகவே உண்டு. நாளைக்குத் தற்செயலாக அந்தப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன்.

பெட்டியில் அவர் சீட்டுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. ஞாயிறன்று காணாமல்போன சீட்டு. எலி திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதில் என் கையெழுத்தில், என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சின்ன வாக்கியம்: "அந்தோணியாரே, எனக்கு இங்கேயே இருக்கணும்."

திருப்பிப் பார்த்தேன். பின்னால் பேங்க் கையெழுத்தில் ஒரே சொல். 'முடிந்தது.'

நாடா கட்டித் தகரப்பெட்டியில் வைத்தாயிற்று. 'விற்பனைக்கு' பலகையைப் பவுலின் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், பஜ்ஜித் தட்டுக்கு மேல் மாட்டி வைக்க. என் இரகசியம் வழக்கம்போல ஒருவருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஜெசிந்தா கிளம்பினாள். கூடவே என் ஏணியைக் காரின் தலையில் வைத்து, முனையில் சிவப்புத் துணி கட்டி, எடுத்துக்கொண்டு போனாள். கொண்டை ஊசி வளைவில் மறையும்வரை அந்தத் துணி எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போயிற்று. மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஜன்னலைத் திறந்தால் இலங்கை வரைக்கும் தெரியும். ஏணிக்கு அங்கே ஒரு குறையும் இருக்காது.